கல்யாணப் படங்களை வைத்து ஷெல் ஸ்கிரிப்ட் பழகலாம்

ஆடியும் மார்கழியும் தவக்காலமும் போக, மீதி மாதங்களெல்லாம் குமரி மாவட்டத்து ஸ்டுடியோக்களுக்கு ஓட்டம்தான். நல்ல முகூர்த்த நாளென்றால் தக்கலையில் ஒரு மண்டபம், மார்த்தாண்டத்தில் ஒரு சர்ச், நாகர்கோவிலில் மாலை ரிசப்ஷன் என்று மூன்று இடத்துக் கார்டுகள் ஒரே இரவில் மேசைக்கு வந்து சேரும். கார்டைச் செருக வேண்டும், ஊர்ப் பெயரில் ஃபோல்டர் போட வேண்டும், படங்களை நகலெடுக்க வேண்டும், எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும், பெயர் மாற்ற வேண்டும். அப்புறம் அடுத்த கார்டு. இந்த வேலையை நான் ஒரு ஸ்டுடியோவில் சில வருடம் மவுசைப் பிடித்துக்கொண்டே செய்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு கார்டு விட்டுப் போகும், இல்லையென்றால் ஒரு கல்யாணத்துப் படம் இன்னொரு கல்யாணத்து ஃபோல்டரில் போய் விழும்.

கணினிக்கான கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைப்பதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். இதற்காகவே பிறந்தது போன்ற ஒன்று. ஒருமுறை எழுதி வைத்தால், எத்தனை மணியானாலும் அதே வேலையை அதே வரிசையில் செய்யும். ஆனால் தப்பாக எழுதினால் அந்தத் தப்பையும் அதே வேகத்தில் 400 தடவை செய்துவிடும். ஆகவே இதில் எழுதக் கற்பது பாதிதான். செய்யப்போவதை முதலில் திரையில் சொல்ல வைத்து, பார்த்த பிறகு செய்ய விடுவது மறுபாதி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் பழக்குவேன்.

கட்டளைகளை எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக் கொடுப்பது போலவே, கட்டளைகளை ஒலிப்பிலேயே எழுதுகிறேன். முதல் தடவை வரும்போது எழுத்துக்கூட்டிச் சொல்வேன். நீங்கள் தட்டும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன். குறிகளும் இடைவெளிகளும் நான் போட்டபடியே இருக்கட்டும்.

எதில் பழகுவது

உபுண்டு போன்ற ஏதாவது ஒரு லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் போதும், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்துவிடலாம். அரசு கொடுத்த பழைய இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இன்னும் இருந்தால் அதிலும் பழகலாம். அது டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கியது. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூ-எஸ்-எல் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு --இன்ஸ்டால் என்று கொடுத்தால், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் உள்ளேயே ஓர் உபுண்டு தயாராகிவிடும். கணினியே இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலி போதும். சிறிய திரையில் தட்டுவது சிரமம், ஆனால் கற்பதற்குத் தடையில்லை.

ஷெல் என்பது நாம் தட்டும் வரியை வாங்கி, அதைப் பிரித்துப் புரிந்துகொண்டு, உரிய நிரலை ஓடவிடும் ஒரு நிரல். ஸ்டீஃபன் பார்ன் பெல் ஆய்வகத்தில் எழுதிய ஷெல் 1979-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்தது. அதன் வழியில், ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளியானதுதான் பாஷ். நாம் பழகப்போவது இதை. மேக் கணினிகள் 2019 முதல் இயல்பாக இசட்-ஷெல்லுக்கு மாறிவிட்டன. இங்கே சொல்லும் அடிப்படைகள் அதிலும் ஏறக்குறைய அப்படியே செல்லும்.

டெர்மினல் திறந்ததும் நான்கு கட்டளைகளைக் கைக்குப் பழக்குங்கள். பி-டபிள்யூ-டி, இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். எல்-எஸ், அங்கே என்ன இருக்கிறது என்று காட்டும். சி-டி, இன்னொரு ஃபோல்டருக்குப் போக. எம்-கே-டி-ஐ-ஆர், புது ஃபோல்டர் போட. இதை இனி எம்கேடிர் என்கிறேன். பெயரின் முதல் சில எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பிக்கொள்ளும். இதை முதல் நாளிலேயே பழக்கமாக்கிக்கொண்டால் எழுத்துப்பிழை பாதி குறையும்.

முதல் ஸ்கிரிப்ட்

பழகுவதற்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் போய்விடுங்கள். உண்மையான படங்கள் அங்கே இருக்கக் கூடாது. அங்கே டெர்மினலுக்குள்ளேயே எழுத உதவும் நேனோ, அதாவது என்-ஏ-என்-ஓ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முதல்.எஸ்எச் என்று கோப்புப் பெயர் கொடுங்கள். கோப்புப் பெயரைத் தமிழிலும் வைக்கலாம், ஆங்கிலத்திலும் வைக்கலாம். புள்ளிக்குப் பிறகு வரும் எஸ்-எச் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். சில டெர்மினல்களில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். அது காட்டும் விதத்தில் உள்ள கோளாறு, கோப்புக்கு ஒன்றும் ஆகாது. திறந்த பக்கத்தில் இந்த இரண்டு வரி:

#!/பின்/பாஷ்
எக்கோ "வணக்கம், தக்கலை"

பின் என்பது பி-ஐ-என், பாஷ் என்பது பி-ஏ-எஸ்-எச், எக்கோ என்பது ஈ-சி-எச்-ஓ. முதல் வரி, இந்தக் கோப்பை எந்த ஷெல் படிக்க வேண்டும் என்று சொல்கிறது. அது கோப்பின் முதல் வரியாகத்தான் இருக்க வேண்டும். மேலே ஒரு காலி வரி விட்டால்கூட அதற்கு மதிப்பில்லை. கன்ட்ரோலும் ஓவும் சேர்த்து அழுத்தி, என்டர் தட்டினால் சேமிக்கும். கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் வெளியே வரும்.

இப்போது பாஷ் முதல்.எஸ்எச் என்று தட்டுங்கள். வணக்கம் வந்துவிட்டால் நீங்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டீர்கள். இப்படி முன்னால் பாஷ் போட்டு ஓட்டுவது டெர்மக்ஸ் உட்பட எல்லா இடத்திலும் வேலை செய்யும். பாஷ் போடாமலே ஓட்ட வேண்டுமென்றால் சி-எச்-எம்-ஓ-டி +எக்ஸ் முதல்.எஸ்எச் என்று ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டு, ./முதல்.எஸ்எச் என்று அழைக்கலாம். முன்னால் வரும் புள்ளியும் சாய்கோடும் ‘நான் நிற்கும் இதே ஃபோல்டரில் உள்ளது’ என்று பொருள். அவற்றை விட்டுவிட்டால் ஷெல் வேறு இடங்களில் தேடிவிட்டு, அப்படியொரு கட்டளையே இல்லை என்று சொல்லும்.

மாறிகளும் மேற்கோள் குறியும்

ஒரு மதிப்பைப் பெயர் கொடுத்து வைத்துக்கொள்வது மாறி.

ஊர்="மார்த்தாண்டம்"
எக்கோ "$ஊர்"

மாறியின் பெயரை பாஷ் ஆங்கில எழுத்தில்தான் ஏற்கும். ஆகவே ஊர் என்பதை ஓ-ஓ-ஆர் என்று தட்டுங்கள். இனி வரும் மாறிகளையும் இப்படியே உங்களுக்குப் பிடித்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் வையுங்கள், ஆனால் கடைசி வரை ஒரே மாதிரி. மதிப்பு தமிழில் இருக்கலாம். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேராவது இங்கேதான் முதலில் தடுக்குகிறார்கள். இடைவெளி விட்டால் ஷெல் ஊர் என்பதை ஒரு கட்டளை என்று நினைத்துத் தேடப் போய்விடும்.

அடுத்து இரட்டை மேற்கோள். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். ஷெல்லுக்கு இடைவெளிதான் வேலி. இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி வந்தால் அவை இரண்டு தனிப் பொருள். ஊர் என்ற மாறியில் தக்கலை கல்யாணம் என்று வைத்துவிட்டு, மேற்கோள் இல்லாமல் எம்கேடிர் $ஊர் என்று கொடுத்துப் பாருங்கள். தக்கலை என்று ஒரு ஃபோல்டர், கல்யாணம் என்று இன்னொரு ஃபோல்டர் வந்து நிற்கும். எம்கேடிர் "$ஊர்" என்று கொடுத்தால்தான் ஒரே ஃபோல்டராக வரும். நாம் பெயர் வைக்கும்போது இடைவெளி விடாமல் இருக்க மாட்டோம். வாட்ஸ்அப் மூலம் வரும் கோப்புகளின் பெயரிலும் இடைவெளி இருக்கும். ஆகவே டாலர் குறி போடும் இடத்திலெல்லாம் இரட்டை மேற்கோளைச் சேர்த்தே போட்டுப் பழகுங்கள். யோசித்துப் பார்த்துப் போடுகிற விஷயமாக வைத்துக்கொள்ள வேண்டாம், கை தானாகப் போட வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் டாலருக்கு வேலை இல்லை, $ஊர் என்றே அச்சாகும்.

ஃபார் சுற்று

ஒரே வேலையைப் பலவற்றுக்குச் செய்ய ஃபார். கெடுதல் எதுவும் செய்யாத ஒன்றில் தொடங்குவோம். நம் மாவட்டத்தின் ஆறு தாலுகாக்களுக்கும் ஒவ்வொரு ஃபோல்டர்:

ஃபார் தாலுகா இன் அகஸ்தீஸ்வரம் தோவாளை கல்குளம் விளவங்கோடு திருவட்டார் கிள்ளியூர்
டூ
  எம்கேடிர் -பி "$தாலுகா"
டன்

ஃபார் என்பது எஃப்-ஓ-ஆர், இன் என்பது ஐ-என், டூ என்பது டி-ஓ, டன் என்பது டி-ஓ-என்-ஈ. -பி (பேப்பர் என்ற சொல்லின் முதல் எழுத்து) என்பது, ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் சத்தம் போடாமல் அடுத்ததற்குப் போகச் சொல்கிறது. இரண்டாம் தடவை ஓட்டினாலும் எதுவும் கெடாது. எந்த ஸ்கிரிப்டையும் இரண்டு தடவை ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரவு பன்னிரண்டு மணிக்கு நிச்சயம் யாராவது இரண்டாவது தடவையும் ஓட்டுவார்கள்.

பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாக *.ஜேபிஜி என்று கொடுத்தால் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களும் ஒவ்வொன்றாக வரும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெரும்பாலான கேமராக்கள் ஜே-பி-ஜி என்பதைப் பெரிய எழுத்தில்தான் எழுதுகின்றன, ஆகவே இதை மட்டும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

இனி எனக்கு நடந்தது. தக்கலையில் ஒரு கல்யாணம். 300-க்கும் மேற்பட்ட படங்களுக்கு ஊர்ப் பெயரும் வரிசை எண்ணும் வைக்க ஒரு சுற்று எழுதினேன். பெயர் மாற்றும் கட்டளை எம்-வி. எண்ணை ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டும் வரியை எழுத மறந்துவிட்டேன். ஓட்டினேன். ஒரு நொடியில் முடிந்தது. கூட இருந்த தம்பி, “அண்ணே, எர்ரர் ஒண்ணும் வரலியே, சரியாயிட்டு போல” என்றான். ஃபோல்டரைத் திறந்தால் ஒரே ஒரு படம். ஒவ்வொரு படமும் அதே பெயருக்கு மாறி, முந்தைய படத்தின் மேல் ஏறி அதை அழித்துக்கொண்டே போயிருக்கிறது. எம்-வி அப்படிச் செய்யும்போது கேட்காது, சொல்லவும் செய்யாது. குப்பைத்தொட்டிக்கும் போகாது. கார்டை அதுவரை ஃபார்மேட் செய்யாமல் வைத்திருந்ததால்தான் அந்த வீட்டாரின் படங்கள் மிஞ்சின.

அன்றைக்குப் பிறகு நான் பெயர் மாற்றும் சுற்றை இப்படித்தான் எழுதுகிறேன்:

எண்=1001
ஃபார் படம் இன் *.ஜேபிஜி
டூ
  எக்கோ எம்வி -என் "$படம்" "தக்கலை-$எண்.ஜேபிஜி"
  எண்=$((எண்+1))
டன்

எம்-வியின் முன்னால் எக்கோ நிற்கிறது பாருங்கள். எக்கோ இருக்கும் வரை எந்தப் படமும் நகராது. செய்யப்போகும் ஒவ்வொரு கட்டளையும் திரையில் எழுத்தாக மட்டும் வரும். முதல் ஐந்து வரியையும் கடைசி ஐந்து வரியையும் படித்துப் பாருங்கள். எண் கூடுகிறதா, ஊர்ப் பெயர் சரியா, பழைய பெயரும் புதுப் பெயரும் இடம் மாறவில்லையே. திருப்தியானால் எக்கோவை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எண் கூட்டும் வரியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒருமுறை எக்கோவோடு ஓட்டிப் பாருங்கள், எல்லா வரியிலும் அதே 1001 வரும். அன்று நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

-என் என்பது இரண்டாவது காவல். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன் மேல் ஏறாமல் விட்டுவிடும். எண்ணை 1-இல் தொடங்காமல் 1001-இல் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. 1-இல் தொடங்கினால் பட்டியலில் 1-க்கு அடுத்து 10-உம் 100-உம் வந்து, தாலி கட்டுவதற்கு முன்னால் சாப்பாட்டுப் பந்தி வந்துவிடும்.

கார்டிலிருந்து கணினிக்கு

இதுவரை பார்த்ததோடு இஃப் ஒன்றைச் சேர்த்தால் ஸ்டுடியோவில் தினமும் பயன்படும் ஸ்கிரிப்ட் கிடைத்துவிடும். இஃப் என்பது ஐ-எஃப், தென் என்பது டி-எச்-ஈ-என். முடிக்கும் இடத்தில் ஐ-எஃப்பைத் திருப்பி எஃப்-ஐ என்று எழுத வேண்டும்.

#!/பின்/பாஷ்
செட் -யு
கார்டு="$1"
ஊர்="$2"
நாள்=$(டேட் +%எஃப்)
இடம்="$ஹோம்/படங்கள்/$நாள்-$ஊர்"

இஃப் [ ! -டி "$கார்டு" ]; தென்
  எக்கோ "இப்படியொரு ஃபோல்டர் இல்லை: $கார்டு"
  எக்ஸிட் 1
எஃப்ஐ

எம்கேடிர் -பி "$இடம்"
சிபி -என் "$கார்டு"/*.ஜேபிஜி "$இடம்"/

அ=$(எல்எஸ் "$கார்டு"/*.ஜேபிஜி | டபிள்யூசி -எல்)
ஆ=$(எல்எஸ் "$இடம்"/*.ஜேபிஜி | டபிள்யூசி -எல்)
எக்கோ "கார்டில் $அ, கணினியில் $ஆ"

செட் என்பது எஸ்-ஈ-டி, டேட் என்பது டி-ஏ-டி-ஈ, எக்ஸிட் என்பது ஈ-எக்ஸ்-ஐ-டி, ஹோம் என்பது எச்-ஓ-எம்-ஈ. ஹோம் என்ற நான்கு எழுத்தும், டேட்டுக்குப் பின் வரும் எஃப்பும் பெரிய எழுத்து. $1, $2 என்பவை ஓட்டும்போது பெயருக்குப் பின்னால் நீங்கள் கொடுக்கும் முதல் சொல்லும் இரண்டாம் சொல்லும். உபுண்டுவில் கார்டு பெரும்பாலும் மீடியா என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பயனர் பெயருக்குக் கீழே தெரியும். அந்த நீளமான வழியைத் தட்ட வேண்டாம். கோப்பு மேலாளரிலிருந்து ஃபோல்டரை இழுத்து டெர்மினலில் போட்டால் வழி தானாக வந்து விழும். படங்கள் நேரடியாக இருக்கும் உள் ஃபோல்டரைத்தான் கொடுக்க வேண்டும்.

செட் -யு என்ற வரியைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். மாறியின் பெயரில் ஓர் எழுத்துத் தவறினால், பாஷ் வழக்கமாக அதை வெறுமை என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போகும். செட் -யு இருந்தால் அந்த வரியிலேயே நின்று சொல்லும். ஊர்ப் பெயர் கொடுக்க மறந்தாலும் இதுவே பிடித்துவிடும்.

சதுர அடைப்புக்குறிக்கு உள்ளே இரு ஓரத்திலும் இடைவெளி கட்டாயம். சமக்குறிக்கு இடைவெளி கூடாது, இங்கே இடைவெளி வேண்டும் என்பது முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். அந்தத் திறக்கும் அடைப்புக்குறி உண்மையில் ஒரு கட்டளை. எந்தக் கட்டளைக்கும் அடுத்து இடைவெளி விடுகிறோம் அல்லவா, அதே கணக்குதான். -டி (டைரக்டரி என்ற சொல்லின் முதல் எழுத்து) என்பது அது ஒரு ஃபோல்டரா என்று கேட்கிறது, ஆச்சரியக்குறி அதை ‘இல்லையென்றால்’ என்று திருப்புகிறது. எக்ஸிட் 1 என்பது தோல்வியோடு வெளியேறுவது. ஷெல்லுக்கு 0 என்றால் வெற்றி, மற்ற எண்ணெல்லாம் ஏதோ ஒரு தோல்வி.

சி-பி நகலெடுப்பது, இங்கேயும் பேப்பரின் பி. டபிள்யூ-சி -எல் வரிகளை எண்ணுவது. நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு, இடப்பக்கத்தின் விடையை வலப்பக்கத்துக்குக் கொடுக்கிறது. கடைசியில் வரும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் கார்டின் மேல் கை வைக்க வேண்டும். எண் ஒத்துப்போன பிறகும் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். கார்டை அழிக்கும் வரியை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள், எத்தனை பழகினாலும். படங்கள் இன்னொரு டிஸ்க்கிலும் ஏறிய பிறகு, கேமராவில் வைத்துக் கையால் ஃபார்மேட் செய்யுங்கள்.

இரண்டு கேமரா எடுத்த கல்யாணத்தில் ஒரு சிக்கல் வரும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண்ணில் படங்கள் இருக்கலாம். ஒரே ஃபோல்டரில் போட்டால் -என் முதல் படத்தைக் காப்பாற்றும், ஆனால் இரண்டாவது கேமராவின் படம் ஏறாது. ஆகவே ஊர்ப் பெயரோடு தக்கலை-கேமரா1, தக்கலை-கேமரா2 என்று பிரித்துக் கொடுங்கள். இன்னொன்று, டேட் தருவது நகலெடுக்கும் நாள். ரிசப்ஷன் முடிந்து நள்ளிரவு தாண்டி ஓட்டினால் ஃபோல்டரில் மறுநாள் தேதி விழும்.

தடுக்கினால்

பிழைச் செய்தியில் வரி எண் இருக்கும். அந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் சேர்த்துப் பாருங்கள், மூடாத மேற்கோள் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். பாஷ் -என் கோப்புப்பெயர் என்று கொடுத்தால் ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். பாஷ் -எக்ஸ் கோப்புப்பெயர் என்றால் ஒவ்வொரு வரியையும் மாறிகள் நிரம்பிய நிலையில் காட்டிக்கொண்டே ஓடும். எது எங்கே வெறுமையாகப் போகிறது என்று அதில் பளிச்சென்று தெரியும். ஷெல்செக் என்ற இலவசக் கருவி மேற்கோள் விட்ட இடங்களைத் தேடித் தரும். நான் எழுதுவதையெல்லாம் இன்றும் அதில் போட்டுப் பார்க்கிறேன்.

விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் எந்தக் காரணமும் இல்லாமல் உடைவது போலத் தோன்றும். விண்டோஸ் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது, பாஷ் அதையும் கட்டளையின் பகுதியாகப் படிக்கிறது. நேனோவிலேயே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த கட்டளையை ஒட்டும்போது நேர் மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்தது ஷெல்லுக்கு மேற்கோளே அல்ல.

ஸ்கிரிப்ட் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு, தினமும் இரவு தானாக ஓட வேண்டியவற்றை, உதாரணமாக அன்றைய படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுப்பதை, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் என்ற நிரலிடம் விடலாம். கிரான்டேப் -ஈ, அதாவது சி-ஆர்-ஓ-என்-டி-ஏ-பி, ஓர் இடைவெளி, -ஈ என்று தட்டி, 30 21 * * * என்று எழுதி, பின்னால் பாஷ் போட்டு ஸ்கிரிப்டின் முழு வழியைக் கொடுத்தால் தினமும் இரவு 9.30-க்கு ஓடும். அந்நேரம் கணினி அணைந்திருந்தாலோ கரண்ட் போயிருந்தாலோ அன்றைக்கு ஓடாது, பிறகு தானாக ஈடுகட்டவும் செய்யாது. வரியின் முடிவில் >> போட்டு ஒரு கோப்பின் பெயரையும், அதற்கடுத்து 2>&1 என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் சொல்வதும் பிழைச் செய்தியும் அந்தக் கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். ஒற்றை > போட்டால் பழையது ஒவ்வொரு நாளும் அழிந்துபோகும். காலையில் கடை திறந்ததும் அந்தக் கோப்பின் கடைசி வரியில் இரண்டு எண்ணும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்றைய கார்டுகளை எடுங்கள்.